ஓதி இழைத்த பாய்

மூதூரில் பாய் இழைக்காத பெண் யார்? வில்லுச் சேற்றில் இறங்கிப் பன் புல் வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயம் காய்ச்சி இழைக்கிற வேலை அந்த ஊரில் சோறு சமைக்கிற மாதிரி, எல்லா வீட்டிலும் நடக்கும். ஆனால் ஸல்ஹா இழைத்த ஒரே ஒரு பாயைப் பற்றி ஊர் இரண்டுபட்டுக் கதைத்தது. கதைத்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பாயைக் கண்ணாலும் கண்டதில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா என்ன?

ஸல்ஹா கைம்பெண். புருஷன் மீராலெவ்வை கொட்டியாரக் குடாவில் வள்ளம் ஓட்டியவர். வியாழன் பின்னேரங்களில் தைக்காவில் ராத்தீபு நடக்கும். ஆண்கள் வட்டமாக இருந்து, அல்லாஹ்வின் பெயரை ஒரே குரலில், உடம்பு ஆட ஆடச் சொல்லுவார்கள். மீராலெவ்வை அங்கே தஹராப் பறை அடித்து பைத்துப் பாட்டு ஓதுவார். அவர் குரல் கேட்டால் குசினியில் நிற்கிற பெண்களும் அகப்பையை வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

அவர் இருந்த காலத்தில்தான் அக்கரையிலிருந்து பாய்க்கப்பலில் ஒரு ஷெய்கு வந்து ஊரில் தங்கினார். ஆண்கள் அவர் கையைப் பிடித்து, சீடராகச் சேர்கிற பைஅத்து வாங்கினார்கள். பெண்கள் கையைப் பிடிக்க ஏலாது. அதனால் திரைக்கு அந்தப் பக்கம் ஷெய்கு தன் சால்வையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் பெண்கள் மற்ற நுனியைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள். ஸல்ஹாவும் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா? திரைக்குள்ளே இருந்து கேள்வியும் கேட்டாள்.

"எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியா. தஸ்பீஹு உருட்டிக்கொண்டு குந்தியிருக்க நேரமும் இல்ல. நான் என்ன செய்யிற?"

"உன் கை என்ன வேலை செய்யும், மகள்?"

"பாய் இழைக்கும்."

"அப்படியென்றால் கை ஒரு பன்னைக் கோர்க்கிற நேரம் வாய் லாஇலாஹ இல்லல்லாஹ் என்று ஒரு கலிமா சொல்லட்டும். உன் வேலையும் நிற்காது, அல்லாஹ்வை நினைக்கிற திக்ரும் நிற்காது" என்றார் ஷெய்கு. பிறகு இன்னொன்றும் சொன்னார். "ஓதினதை மவுத்தான ஒருவருக்குச் சேர்க்க வேண்டுமென்றால், கடைசியில் வாய் திறந்து, இது இன்னாருக்கு என்று நிய்யத்துச் சொல்லி அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத வரைக்கும் அது யாருக்கும் போகாது."

அந்த இரண்டு சொல்லையும் ஸல்ஹா முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி வைத்துக்கொண்டாள்.

மீராலெவ்வை ஒரு மாரியில் காய்ச்சல் கண்டு மவுத்தானார். கபுறுக்குள் மையித்தை வைத்துப் பலகை மூடினால், பலகைக்கு மேலே ஒரு பாய் விரித்துத்தான் மண் தள்ளுவார்கள். ஊருக்கே பாய் இழைத்துக் கொடுக்கிறவளின் புருஷனுக்கு, அவசரத்தில் யாரோ கடையில் வாங்கிய பாயைப் போட்டுவிட்டார்கள். ஸல்ஹாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கைம்பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா நாட்கள் முடிந்து வெளியே வந்ததும் அவள் முதல் வேலையாகத் தன் கபுறுக்கு என்று ஒரு பாயைத் தொடங்கினாள்.

விற்கிற பாய் வேறு, இது வேறு. தொழுகைக்குப் போல கைகால் கழுவி ஒளு செய்யாமல் இந்தப் பாயைத் தொடமாட்டாள். ஒரு பன், ஒரு கலிமா. இடையில் யாராவது கூப்பிட்டு நினைப்பு எங்கேயாவது போய்விட்டால், கோர்த்த பன்னை இழுத்து எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள். மகள் பல்கீஸும் மகன் அபூதாஹிரும் சின்னதாக இருந்த காலத்தில், உம்மாவுக்கு முன்னால் இருந்து பன்னை எடுத்து எடுத்துக் கொடுப்பார்கள். பல்கீஸ் கொஞ்ச நேரத்தில் எழும்பி ஓடிவிடுவாள். அபூதாஹிர் போகமாட்டான். உம்மாவின் விரலைப் பார்த்துத் தன் விரலையும் அப்படியே முன்னும் பின்னும் ஆட்டி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலிமா சொல்லுவான். பாய் வளர்ந்ததோ இல்லையோ, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பல்கீஸைக் கட்டிக்கொடுத்ததும் மருமகன் வீட்டோடு வந்து இருந்தான்.

உலகச் சண்டை மூண்டது. கடலுக்கு அந்தப் பக்கம், திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரனின் கப்பல்கள் வந்து குவிந்தன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், புது ரோட்டுகள், எங்கே பார்த்தாலும் வேலை. மூதூர் இளந்தாரிகள் வள்ளம் ஏறினார்கள். அபூதாஹிரும் கப்பலில் சாமான் இறக்குகிற கூட்டத்தில் சேர்ந்தான். கிழமை முழுக்க அங்கே தங்கி, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊருக்கு வருவான். வரும்போது உம்மாவுக்கு ஒரு பிஸ்கட் தகரமோ, நல்ல வெட்டுக்கத்தியோ, ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

அந்த நாளில்தான் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுவிக்கப் புது ஹஸ்ரத்து வந்து சேர்ந்தார். சின்ன வயது, தணிந்த குரல், யாரையும் நீ என்று பேசமாட்டார். ஆனால் கொள்கையில் கடும் பிடி. குர்ஆனிலும் நபிவழியிலும் இல்லாதது மார்க்கமில்லை, ராத்தீபும் கந்தூரியும் கபுறுக்கு ஓதுவதும் பின்னால் வந்த பழக்கம், ஒரு மனிதன் ஓதியது அவனுக்குத்தான், இன்னொருவன் கபுறுக்கு அது போய்ச் சேராது என்று சொன்னார். தைக்காக்காரர்கள் விடுவார்களா? ஷெய்குமார் காட்டின தரீக்கா இல்லாத மார்க்கம் வெறும் கோது என்றார்கள். ஒரே பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அல்லாஹ்வின் பெயரை எப்படிச் சொல்லுவது என்பதற்கு இப்படியும் ஒரு சண்டை.

அபூதாஹிர் ஹஸ்ரத்தின் பக்கம் சாய்ந்தான். அவன் துடுக்குக்காகச் சாயவில்லை, உண்மையாகவே நம்பினான். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு உம்மாவுக்கு முன்னால் வந்து இருந்தான்.

"உம்மா, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. நபியவங்கட காலத்தில பாய்க்குக் கலிமா ஓதினாங்களா?"

"நபியவங்கட காலத்தில நீ போட்டிருக்கிற காற்சட்டை இருந்திச்சா?"

பல்கீஸ் குசினிக்குள் நின்று சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"விளையாட்டுக் கதை இல்ல உம்மா. இது மார்க்கத்தில இல்லாத வேலை."

"அல்லாஹ்ட பேரைச் சொல்றது மார்க்கத்தில இல்லையா? நல்ல மார்க்கம் படிச்சிருக்காய் மகன். நான் ஐந்து நேரமும் தொழுகிறன், நோன்பு பிடிக்கிறன். அதெல்லாம் செஞ்சுபோட்டு மிச்ச நேரத்தில அவனை நினைக்கிறன். அதுக்கும் உன்ட ஹஸ்ரத்துக்கிட்ட உத்தரவு கேக்கணுமா?"

"நினையுங்க. நினைக்க வேணாமெண்டு ஆரு சொன்ன? அதைப் பாயில முடிஞ்சு கபுறுக்குக் கொண்டுபோக ஏலாதெண்டுதான் சொல்றன்."

இப்படியே அந்த வெள்ளியும் அடுத்த வெள்ளியும் கதை வளர்ந்தது. தாயும் மகனும் ஒரே பிடிவாதம். கடைசியில் ஒரு நாள் ஸல்ஹா வாயைக் கொடுத்துவிட்டாள்.

"நீ வேணாமெண்டாலும் நான் உனக்கும் ஓதுவன். உன்ட கபுறுக்கும் ஓதுவன். போ."

அபூதாஹிருக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கிப் போனவன் ஹஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். "ஹஸ்ரத்து, நீங்கதான் சாட்சி. இது என்ட வஸிய்யத்து. நான் மவுத்தானா எனக்குக் கத்தம் வேணாம், பாத்திஹா வேணாம், ராத்தீபு வேணாம், எதையும் ஓதி எனக்குச் சேர்க்க வேணாம். தொழுவிச்சு மண்ணைப் போட்டா போதும். உம்மா சத்தியம் பண்ணணும்."

ஸல்ஹாவுக்கும் ஆத்திரம். "ஓம். சத்தியம். நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க ஹஸ்ரத்து" என்றாள். பிறகு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆரு ஆரை அடக்கப்போற? என்னை அடக்கப்போறவன் இவன். இவனுக்கு நான் சத்தியம் பண்ணவேண்டிக்கிடக்கு" என்று முணுமுணுத்தாள். அவன் போகும்போது வழமை போல உம்மாவின் கையை முத்தமிட்டான். கோபம் கோபமாக இருந்தாலும் அதை அவன் விட்டதில்லை.

அடுத்த நாள் அவள் அந்தப் பாயின் ஓரத்தைச் சுற்றி மடித்து இழைத்து முடித்துவிட்டாள். சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் ஜப்பான்காரன் வந்தான். முதலில் வானத்தில் ஒரு இரைச்சல். பிறகு குடாவுக்கு அந்தப் பக்கம் இடி இடியாக விழுந்தது. மூதூர் வீடுகளில் பானை சட்டி அதிர்ந்தது. சனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பற்றைக் காட்டுக்குள் ஓடியது. ஸல்ஹா கடற்கரைக்கு ஓடினாள். பல்கீஸ் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசைக்க ஏலவில்லை. சீனன்குடாப் பக்கம் கறுப்புப் புகை எழும்பி வானத்தை மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றாள். வாயில் கலிமா ஓடிக்கொண்டிருந்தது, விரலில் பன் இல்லை.

வெள்ளிக்கிழமை அபூதாஹிர் வந்தான். ஒவ்வொரு கிழமையும் வருகிற அதே வள்ளத்தில்தான் வந்தான். கித்தான் துணியில் சுற்றி, கயிறு கட்டி, குறுக்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று வள்ளக்காரர் ஸல்ஹாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவள் கித்தானுக்கு மேலே கையை வைத்துத் தலை எது, கால் எது என்று தடவிப் பார்த்தாள். "கை எங்க இருக்கு? கையை மட்டும் காட்டுங்க" என்றாள். வள்ளக்காரர் கயிற்றின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

அஸருக்குப் பிறகு அடக்கம். மையித்தைச் சந்தூக்கில் வைத்து எடுக்கப்போகிற நேரம், கபுறுக்குப் பாய் எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஸல்ஹா எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலே இருந்த சுருளை எடுத்து வந்து கொடுத்தாள். வாசலில் நின்ற ஹஸ்ரத்து அதைக் கண்டார். அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. அபூதாஹிரைத் தம்பி மாதிரி வைத்திருந்தவர். ஆனாலும் சாட்சி நின்ற மனிதர். அதனால் கேட்டார்.

"உம்மா, குறை நினைக்கப்படாது. நீங்க ஒரு பாய் ஓதி இழைக்கிறதா ஊரில கதை. மையித்து எனக்கு முன்னால வஸிய்யத்துச் செஞ்சது உங்களுக்கும் தெரியும். இது அந்தப் பாயா?"

ஸல்ஹா அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். ஓம் என்றால் பாயை வீட்டில் வைத்துவிட்டுக் கடைப்பாய்க்கு ஆள் அனுப்புவார். தகப்பனுக்கு நடந்ததுதான் மகனுக்கும் நடக்கும். முதலில் பாய் பிள்ளைக்கு மேலே போகட்டும், மிச்சத்தை அல்லாஹ்விடம் கதைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணத்தில் நினைத்தாள்.

"இல்ல ஹஸ்ரத்து. சும்மா பாய்தான்."

பல்கீஸ் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து உம்மாவின் வாயில் அவள் கேட்ட முதல் பொய் அது. பாய் போனது. அபூதாஹிரின் மேல் விரித்து மண்ணைத் தள்ளினார்கள்.

ஆண்கள் திரும்பி வந்த பிறகுதான் ஸல்ஹாவுக்கு விளங்கியது, என்ன செய்துவிட்டாள் என்று. ஓதியது முழுக்க மகனுக்கு மேலே கிடக்கிறது. ஆனால் நிய்யத்துச் சொல்லவில்லை. இது என் மகனுக்கு என்று வாயைத் திறந்து சொன்னால் மவுத்தானவனுக்குச் செய்த சத்தியம் முறியும். சொல்லாவிட்டால் அது அவனுக்குச் சேராது. அந்த மண்ணுக்குக் கீழே, பிள்ளைக்கு மேலேயே கிடந்தும் பிள்ளைக்கு இல்லை. போதாக்குறைக்கு, இது சும்மா பாய் என்று மையித்தை முன்னால் வைத்துக்கொண்டு அவளே சொல்லியும் விட்டாள்.

மூன்றாம் நாள் தைக்காக்காரர்கள் கத்தம் ஓத வந்தார்கள். ஸல்ஹா கதவைத் திறக்கவில்லை. "அவன் வேணாமெண்டவன்" என்று உள்ளே இருந்தே சொன்னாள். மீராலெவ்வையின் மகனுக்கா இந்தக் கதி என்று அவர்கள் மனம் நொந்து போனார்கள்.

சில கிழமை கழித்து இரத்தினசிங்கம் வந்தான். சம்பூரைச் சேர்ந்தவன், துறைமுகத்தில் அபூதாஹிரோடு ஒரே கூட்டத்தில் சாமான் இறக்கியவன். குண்டு விழுந்த பிறகு தம்பலகாமத்துப் பக்கம் ஓடி ஒளிந்திருந்துவிட்டு, இப்போதுதான் தலை காட்டினான். கதிரையில் இரு என்றால் இருக்கவில்லை. வாசல் கப்புத் தூணோடு சாய்ந்து நின்று கதைத்தான்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பதுங்குகுழிக்கதான் இருந்தனாங்கள், உம்மா. நான் பயத்தில அழுதனான், மறைக்கேல்லை. அவன் அழேல்லை. எனக்குத் தண்ணி எடுக்கவெண்டு வெளியில ஏறினவன். அதோட சரி."

"குழிக்குள்ள இருக்கேக்க என்ன செஞ்சான்?"

"வாய்க்குள்ள உங்கட வேதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன். அதே சொல்லைத் திருப்பித் திருப்பி. விரலையும் ஆட்டிக்கொண்டிருந்தவன்."

"எப்பிடி ஆட்டினான்? காட்டு."

இரத்தினசிங்கம் தன் சாரத்தின் மேலே விரலை வைத்துக் காட்டினான். இரண்டு விரல் முன்னே போய், மடங்கி, பின்னே வந்தது. மறுபடியும் முன்னே போனது.

ஸல்ஹா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மையித்து வந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. இரத்தினசிங்கம் பயந்துபோய்ப் பல்கீஸைக் கூப்பிட்டான்.

"உம்மாக்கிட்ட ஏதும் சொல்லச் சொன்னானா? ஒரு சொல்லு? நல்லா யோசிச்சுப் பார், மகன்."

"இல்லை உம்மா. ஒண்டும் சொல்லேல்லை."

அன்று பின்னேரமே அவள் மையவாடிக்குப் போனாள். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. முள்வேலிக்கு வெளியே நின்று மகனின் தலைமாட்டு மீசான் கல்லைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். இது என் மகனுக்கு, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவளை ஓம் சத்தியம் என்று சொல்லவைத்த அவன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசியில் ஹஸ்ரத்திடமே போனாள். தான் சொன்ன பொய்யையும் இரத்தினசிங்கம் காட்டிய விரலையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஹஸ்ரத்து தலையைக் குனிந்து கேட்டார். சேராது என்று ஊருக்கெல்லாம் ஓதிக்கொடுத்த மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் படிச்சது மாறாது உம்மா. ஆனா அல்லாஹ்ட ரஹ்மத்தை அளக்கிற கோல் என்கிட்ட இல்ல. நீங்க நிய்யத்துச் சொல்லுங்க. சாட்சி நான் ஒருத்தன்தான். நான் கேட்டதா வெளியில சொல்லமாட்டன்."

"சாட்சி நீங்க ஒருத்தரா ஹஸ்ரத்து?" என்றாள் ஸல்ஹா. "முடிச்சுப் போட்டது அவன் வாய். அவிழ்க்கிறதும் அவன் வாயாலதான் அவிழ்க்கணும். நான் அவன்ட உம்மா. ஒரே ஒரு சத்தியம்தான் என்கிட்டக் கேட்டவன். அதையும் முறிக்கவா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலிக்குப் போனாள். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லாமல் திரும்பினாள். பாய் இழைப்பதை விடவில்லை, வயிறு இருக்கிறதே. ஆனால் இழைக்கும்போது வாய் அசையவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் பல்கீஸ் மட்டும்தான்.

சண்டை முடிகிற வருஷம் ஊரில் காய்ச்சல் பரவியது. மீராலெவ்வையைக் கொண்டுபோன மாதிரி ஸல்ஹாவையும் பாயில் கிடத்தியது. ஒரு முற்பகலில் அவள் பல்கீஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள்.

"எனக்குக் கத்தம் வேணாம். பாத்திஹா வேணாம். ராத்தீபுக்காரங்க வந்தா அனுப்பிரு. எதையும் ஓதி எனக்குச் சேர்க்க வேணாம்."

பல்கீஸ் திகைத்துப்போனாள். "என்ன கதை கதைக்கிறீங்க? ஷெய்குட துணியைப் பிடிச்ச நீங்களா இப்பிடிச் சொல்றது?"

"துணியை நான் விடயில்ல மகள். இன்னும் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கன். ஆனா என்ட பிள்ளை வெறுங்கையோட போயிட்டான். அவனுக்குக் கிடைக்காத ஒண்டு எனக்கு எதுக்கு? கை நிறைய வைச்சுக்கொண்டு அவனுக்கு முன்னால போய் நிக்க எனக்கு ஏலாது. அவன் இருக்கிற மாதிரியே நானும் இருக்கிறன். சத்தியம் பண்ணு."

பல்கீஸ் சத்தியம் செய்தாள். அழுதுகொண்டே செய்தாள்.

ஸல்ஹா மவுத்தான செய்தி பரவியதும் ஊர் மறுபடியும் வாயைத் திறந்தது. கடைசியில் அவளும் திருந்தி நேர்வழிக்கு வந்துவிட்டாள் என்று ஒரு பக்கம் மெச்சியது. ஷெய்குக்குச் செய்த பைஅத்தை முறித்துவிட்டாள் என்று தைக்காப் பக்கம் தூற்றியது. இரண்டு பக்கமும் ஒருமிக்கப் பிழை விட்டது அந்த ஒரு நாள்தான்.

சந்தூக்கு எடுக்கிற நேரம் பல்கீஸ் ஒரு பாய்ச் சுருளைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். அதை வாங்கியவர் ஹஸ்ரத்து. சிவப்புக் கரை வைத்து நெருக்கமாக இழைத்த பாய். ஸல்ஹாவின் கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேளாமல் கேட்டார். ஓம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"தங்கச்சி, உம்மா ஓதி இழைச்ச பாயா இது?"

"இல்ல ஹஸ்ரத்து" என்றாள் பல்கீஸ். "சும்மா பாய்தான்."

இந்த முறை அது பொய்யில்லை.